ராம்டெக்குக்குப் போன வழி

நாகபுரிக்கு வடகிழக்கே சுமார் 50 கிலோமீட்டர் தொலைவில் ராம்டெக் என்னும் குன்று இருக்கிறது. உச்சியில் இராமபிரான் கோயில். சுற்றிலும் பழைய கோட்டைச் சுவர். காளிதாசனின் மேகதூதத்தில் வரும் இராமகிரி இதுவே என்பது இப்பகுதி மக்களின் நம்பிக்கை. நாகபுரியில் குடியேறிய தமிழன்பர்களில் பலர் அங்கே போய் வந்திருப்பர். நாங்களும் போய் வந்தோம். ஆனால் ஒரே முறையில் அல்ல. பாதி வழியில் திரும்பி, இரண்டு மாதம் கழித்தே குன்றின் மேல் ஏறினோம். இடையில் நடந்ததையே இங்கு எழுத விரும்புகிறோம். பழைய கார் வாங்க எண்ணும் குடும்பங்களுக்கு அது பயன்படக்கூடும்.

ராம்டெக்குக்கு இருப்புப்பாதை உண்டு. "ரயில்வே உத்தியோகஸ்தருக்குக் கார் எதற்கு?" என்று நண்பர்கள் நகைத்தார்கள். எங்கள் ஏழு வயதுப் பெண்ணுக்கு இழுப்பு உண்டு. நள்ளிரவில் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு ஆட்டோவுக்காகத் தெருமுனையில் நின்ற அநுபவம் ஒருமுறை இருமுறை அல்ல. ஆகவே, சேமித்ததோடு கடனும் சேர்த்து, சென்ற மே மாதத் தொடக்கத்தில் பத்தாண்டு ஓடிய சிறு கார் ஒன்றை வாங்கினோம். விற்றவர் வாசனைத் திரவியத்தைத் தாராளமாகத் தெளித்து, நான்கு கதவுகளையும் திறந்து வைத்தே காட்டினார். எஞ்சினைப் பார்த்தோம், டயரைப் பார்த்தோம், காகிதங்களை வரிவரியாகப் படித்தோம். கதவைச் சாத்திக்கொண்டு ஐந்து நிமிஷம் உள்ளே உட்கார்ந்து பார்க்க மட்டும் தோன்றவில்லை.

முதல் ஞாயிற்றுக்கிழமை புறப்பட்டோம். நாகபுரியின் மே மாத வெயிலைச் சொல்ல வேண்டியதில்லை. 45 டிகிரியைத் தொடும் நாட்கள் உண்டு. கண்ணாடிகளை ஏற்றி ஏ.சி.யைப் போட்டோம். காம்டி வரும்போது, 1821இல் ஏற்பட்ட இப்பாளையத்தில் அக்காலத்தில் சென்னைப் படைப் பிரிவுகள் தங்கியிருந்த கதையைப் பெண்ணுக்குச் சொல்லிக்கொண்டிருந்தோம். அதற்குள் வாசனைத் திரவியம் அடங்கி, அடியிலிருந்து சிகரெட் நெடி கிளம்பிவிட்டது. கன்ஹான் ஆற்றுப் பாலத்தைத் தாண்டுமுன் அவளுக்கு இருமல் பிடித்துக்கொண்டது. இன்ஹேலர் கொடுத்து, கண்ணாடிகளை எல்லாம் இறக்கி, அனற்காற்றிலேயே வீடு திரும்பினோம்.

அன்று மாலை முதல் யோசனைகள் குவிந்தன. ஆரஞ்சு ஊராதலால் ஆரஞ்சுத் தோல் என்றார் ஒருவர். காப்பித்தூள் என்றார் மற்றொருவர். எங்கள் அன்னையார் சாம்பிராணித் தூபத்தோடு வந்து நின்றார்கள். புகையைப் போக்கப் புகையா! அவர்களிடம் அதைச் சொல்லும் துணிவு எங்களுக்கில்லை. குழந்தையின் மருத்துவரைக் கொண்டு சொல்ல வைத்தோம். வாசனை எதுவும் நெடியைச் சற்று நேரம் மறைக்குமே யன்றிப் போக்காது, இழுப்பு உள்ள குழந்தைக்கு அவ்வாசனைகளே ஆகாமற் போகலாம் என்றார் அவர். பட்டறை ஒன்றில் ஓஸோன் யந்திரம் வைத்து ஒரு மணியில் தீர்ப்பதாகச் சொன்னார்கள். ஓஸோன் நுரையீரலுக்குக் கெடுதலான வாயு என்று அறிந்து, வேண்டாம் என்று வந்துவிட்டோம்.

நெடி காற்றில் இருப்பதன்று என்பதே நாங்கள் கற்ற முதற்பாடம். புகையிலுள்ள தாரும் நிகோடினும் கண்ணாடி, கூரை, மெத்தை எல்லாவற்றிலும் பூச்சாகப் படிந்து, வெயிலிலும் ஈரத்திலும் மீண்டும் மீண்டும் வெளிவருகின்றன. அமெரிக்காவின் சான் டியேகோ நகரில் விற்பனைக்கு வந்த பழைய கார்களை ஆராய்ந்தவர்கள், புகைத்தவர்களின் வண்டிகளில் காற்றிலும் தூசியிலும் பரப்புகளிலும் நிகோடின் தங்கியிருப்பதை 2008இல் எழுதியிருக்கிறார்கள்.

ஆகவே கழுவுவதே வழி. மிதியடிகளை எடுத்து, வாக்குவம் கிளீனரால் சீட்டின் இடுக்கெல்லாம் உறிஞ்சினோம். சாம்பல் கிண்ணத்தைக் கழற்றி எறிந்தோம். வினிகர் கலந்த நீரால் கண்ணாடிகளை உட்புறம் துடைத்தபோது வெள்ளைத் துணி பழுப்பு நிறமாயிற்று. இத்தனை நாள் அதன் வழியாகத்தான் சாலையைப் பார்த்தோம்! டாஷ்போர்டையும் கதவுகளையும் சோப்பு நீரால் துடைத்தோம். கூரையின் உட்துணியில்தான் பூச்சு மிகுதி, ஏனெனில் புகை மேலே எழுவது. ஆனால் அதை நனைத்தால் பசை விட்டுத் துணி தொங்கிவிடும். பிழிந்த துணியால் பையப் பைய ஒற்றி எடுத்தாள் இல்லத்தரசி. கழுத்து வலியால் இரண்டு நாள் அவதிப்பட்டாள். சீட்டுகளில் ஆப்ப சோடாவைத் தூவி இரவு முழுவதும் விட்டு, காலையில் உறிஞ்சி எடுத்தோம். இதை மட்டும் நான்கு முறை செய்தோம். கையறைப் பெட்டியின் பின்னாலிருந்த கேபின் ஃபில்டரை மாற்றினோம். பழையது கரிபிடித்த அடுப்புத்துணி போலிருந்தது. பகலெல்லாம் கதவுகளைத் திறந்து வெயிலில் நிறுத்தினோம். நாகபுரி வெயிலை அம்மாதம் மட்டும் நாங்கள் நொந்துகொள்ளவில்லை.

ஜூலையில், மழை வந்தபின், மறுபடி புறப்பட்டோம். ஈரத்தில் நெடி எழும் என்பதால் இதுவே சரியான பரீட்சை. கன்ஹான் பாலத்தில் ஒருவரும் பேசவில்லை. எல்லோரும் பின்சீட்டையே கவனித்துக்கொண்டிருந்தோம். இருமல் இல்லை. கன்னியாகுமரி வரை நீளும் 44ஆம் எண் நெடுஞ்சாலையை மன்ஸரில் விட்டுக் கிளைச் சாலையில் திரும்பினோம். குன்றின் மேல் மேகம் இறங்கியிருந்தது. கோயில் மதிலில் கருமுகக் குரங்குகள் நனைந்து உட்கார்ந்திருந்தன. எங்கள் தேங்காய் மூடி ஒன்று அவற்றுக்குக் காணிக்கையாயிற்று. கீழே கிண்ட்ஸி ஏரி மங்கலாகத் தெரிந்தது. பெண் படிகளில் ஓடி ஏறினாள். நாங்கள்தான் மூச்சு வாங்கினோம்.

திரும்பும்போது அவள், "அப்பா, இந்தப் பட்டைதான் இன்னும் நாறுகிறது" என்றாள். சீட் பெல்ட்! உள்ளே சுருண்டிருக்கும் பாகத்தை நாங்கள் நினைக்கவே இல்லை. மறுநாள் ஒவ்வொரு பெல்ட்டையும் கடைசி வரை இழுத்து, மறுபடி சுருளாதபடி கிளிப் மாட்டி, வெந்நீரும் சோப்பும் கொண்டு தேய்த்தோம். முதல் தண்ணீர் தேநீர் நிறத்தில் வடிந்தது. மழைக்காலமாதலால் உலர இரண்டு நாள் மின்விசிறி போட வேண்டியிருந்தது.

சென்ற வாரம் இரவு ஒரு மணிக்கு அவளுக்கு இழுப்பு வந்தது. நல்ல மழை. கண்ணாடிகளை ஏற்றிக்கொண்டு மருத்துவமனைக்குப் போனோம். பின்சீட்டில் பாட்டியின் மடியில் படுத்து வந்தாள். வழியில் இருமல் கூடவில்லை.