மேல வீதி எந்தப் பக்கம்?

பூகோள உபாத்தியாயரின் வீட்டில் தேசப்படத்துக்குப் பஞ்சம் இராது என்று நேயர்கள் எண்ணுவார்கள். உண்மைதான். எங்கள் கூடத்துச் சுவரில் இந்தியா ஒன்று, உலகம் ஒன்று, தமிழ்நாடு ஒன்று என்று மூன்று படங்கள் ஆணியில் தொங்குகின்றன. அவற்றின் பின்னால் ஒரு பல்லிக் குடும்பம் பல வருஷங்களாகச் சௌக்கியமாய் வாழ்ந்து வருகிறது. இவ்வளவு இருந்தும் என் மகளுக்குத் திசை தெரியவில்லை என்று போன ஆனி மாதத்தில் ஒரு நாள் கண்டுபிடித்தேன். அல்லது கண்டுபிடித்துவிட்டதாக எண்ணிக் கோபங் கொண்டேன்.

நாங்கள் இருப்பது தஞ்சாவூரில். பழைய ஊரின் நான்கு ராஜ வீதிகளுக்கும் திசையே பெயர்: மேல வீதி, கீழ வீதி, வடக்கு வீதி, தெற்கு வீதி. பள்ளியில் ஊரின் படம் ஒன்று வரைந்து வரச் சொல்லியிருந்தார்கள். நான்காம் வகுப்பில் படிக்கும் என் பெண், மேல வீதியைத் தாளின் மேலேயும் கீழ வீதியைக் கீழேயும் போட்டு, வடக்கு வீதியை வலப்புறமாகவும் தெற்கு வீதியை இடப்புறமாகவும் வரைந்து எடுத்துக்கொண்டு, மிகுந்த பெருமையோடு என்னிடம் வந்தாள்.

"படத்தில் மேலே இருப்பது வடக்கு என்று எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன்? ஊரார் குழந்தைகளுக்கெல்லாம் இருபது வருஷமாய்ச் சொல்லிக் கொடுக்கிறவன் வீட்டில் இப்படி ஒரு பெண்ணா!" என்று இரைந்தேன். இரைந்ததோடு நின்றேனா? தாளை வாங்கி இரண்டாகக் கிழித்தும் போட்டேன். இதை எழுதும்போது கை கூசுகிறது.

ஊஞ்சலில் உட்கார்ந்திருந்த என் தாயார் கிழிந்த துண்டுகளைப் பொறுக்கி ஒட்ட வைத்துப் பார்த்தார்.

"மேல வீதியை மேலே போட்டிருக்கிறாள்; கீழ வீதியைக் கீழே போட்டிருக்கிறாள். இதிலே என்னடா தப்பு?"

"படத்தில் மேலே என்றால் வடக்கு, அம்மா."

"அப்படி யார் வைத்தது?"

அன்றிரவு தூக்கம் வரவில்லை. யார் வைத்தது? நம் பாஷையில் மேற்கு என்ற சொல்லிலேயே மேல் இருக்கிறது. கிழக்கில் கீழ் இருக்கிறது. மேற்கே மலைத்தொடர், கிழக்கே கடல். குடகு நாட்டில் 1,200 மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்தில் பிறக்கும் காவிரி, கீழே கீழே என்று இறங்கிப் பூம்புகாரில் கடலைச் சேருகிறது. நதி ஓடுவதைப் பார்த்தவன் வைத்த பெயர்கள் இவை. 1154-ஆம் வருஷத்தில் சிசிலி மன்னர் ரோஜருக்காக அல் இத்ரீசி என்ற அறிஞர் அமைத்த உலகப் படத்தில் தெற்குத்தான் மேலே. ஐரோப்பாவின் பழைய மாதா கோயில் படங்களிலோ கிழக்கு மேலே. ஏன், இக்காலத்துக் கைப்பேசிப் படம்கூட, வண்டி எந்தத் திசையில் போகிறதோ அதையே மேலாக வைத்துத் திரும்பிக்கொள்கிறது. இவையெல்லாம் எனக்குத் தெரியாதவை அல்ல. தெரிந்தவன் வாயிலிருந்து வகுப்பறையில் ஒரு நாளும் வந்ததில்லை, அவ்வளவுதான்.

மறு ஞாயிற்றுக்கிழமை மூன்று படங்களையும் ஆணியிலிருந்து இறக்கினேன். பல்லிகள் சிதறி ஓடின. முற்றத்தில் ஒரு முழக் குச்சியை நேராக நட்டு, நிழல் எப்போது மிகவும் குறுகுகிறது என்று தகப்பனும் மகளுமாகக் காத்திருந்தோம். கடிகாரத்தில் பன்னிரண்டு அடித்துக் கால் மணிக்குப் பிறகுதான் அது நடந்தது. நம் கடிகாரங்கள் தஞ்சைக்குக் கிழக்கே, 82½ பாகையில் உள்ள தீர்க்க ரேகையின் கணக்கில் ஓடுவதால், நமக்கு உச்சிப் பொழுது சற்றுத் தாமதம். அதைவிட வேடிக்கை, நிழல் தெற்கு நோக்கி விழுந்ததுதான்! உச்சி நிழல் வடக்கே விழும் என்று நான் வகுப்பில் சொல்லி வந்தேன். சித்திரைத் தொடக்கத்திலிருந்து ஆவணி வரையில் சூரியன் நம் தலைக்கு வடக்கே நிற்பதால், தஞ்சாவூரில் அந்த விதி தலைகீழாகிவிடுகிறது. என் வீட்டு முற்றத்திலேயே நடப்பதை இத்தனை வருஷம் நான் குனிந்து பார்த்ததில்லை.

நிழல் காட்டிய கோட்டைப் பிடித்துக் கூடத்துத் தரையில் படங்களை விரித்தோம். படத்தின் வடக்கு, ஊரின் வடக்கைப் பார்த்தது. குழந்தை தஞ்சாவூரின் மேல் ஒரு புளியங்கொட்டையை வைத்துவிட்டு எழுந்து நின்று, காசி இருக்கும் பக்கமாகக் கையை நீட்டினாள். என் தாயாரோ எழுத்துள்ள காகிதத்தை மிதிக்கலாகாது என்று ஓரமாகவே நடந்து வந்து, இராமேசுவரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

பெரிய கோயிலைக் காட்டி ஒரு கதையும் சொன்னேன். 1802-இல் சென்னையில் அடிக்கோடு அளந்து நில அளவையைத் தொடங்கிய லாம்டன் துரை, 1808-இல் தஞ்சைக்கு வந்தபோது, உயரமான இடம் வேண்டும் என்று அரை டன் எடையுள்ள கோணமானியைப் பெரிய கோயில் விமானத்தின் மேல் ஏற்றினார். கயிறு அறுந்தது; கருவி சுவரில் மோதி நசுங்கியது. மனிதர் அலுத்துக்கொள்ளாமல் அதைத் தம் கையாலேயே செப்பனிட்டுக்கொண்டு மேலே அளந்தார். "நம் கோயிலிலா?" என்று நாலு தடவை கேட்டாள்.

பிறகு உலகப் படத்தின் ஓரத்தில் உட்கார்ந்து, நைல் நதியின் மேல் விரலை ஓட்டினாள்.

"அப்பா, சுவரில் இருந்தபோது இந்த நதி கீழேயிருந்து மேலே ஏறிற்று. தண்ணீர் எப்படி ஏறும் என்று கேட்க நினைத்தேன்."

"ஏனம்மா கேட்கவில்லை?"

"நீங்கள் கோபித்துக்கொள்வீர்களே!"

எத்தனை நாளாக அந்தக் கேள்வியை வைத்திருந்தாளோ! விக்டோரியா ஏரி சுமார் 1,130 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, அங்கிருந்து வடக்கே மத்தியதரைக் கடல் வரையில் நைலுக்கு இறக்கந்தான் என்று சொன்னேன். தரையில் கிடந்த படத்தில் அதைச் சொல்வது சிரமமாயில்லை. சொல்லும் குரல்தான் சரியாக வரவில்லை.

அன்று மாலை அவள் ஊரின் படத்தை மறுபடியும் வரைந்தாள். நான் குறுக்கிடவில்லை. மேல வீதி மேலேயே இருந்தது. ஓரத்தில் ஓர் அம்பு மட்டும் போட்டு, 'வடக்கு' என்று எழுதச் சொன்னேன். அம்பு வலப்புறம் பார்த்தது. நாலைந்து அடிக்கு ஓர் அங்குலம் என்று தெருவைக் காலால் அளப்பதெல்லாம் அடுத்த மாதத்துக்கு வைத்துக்கொண்டோம்.

இரண்டு நாள் கழித்துத் தாள் திரும்பி வந்தது. அம்பின் மேல் சிவப்பு மையால் ஒரு பெரிய பெருக்கல் குறி. குழந்தை அழவில்லை, "நீங்கள் வந்து சொல்லுங்கள், அப்பா" என்றாள். போய்ச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் அந்த ஆசிரியையிடம் நான் என்னவென்று சொல்வது? என் மேஜை மேலும் அதே சிவப்பு மைப் பேனா இருக்கிறது. இருபது வருஷத்துக் குழந்தைகளின் தாள்களில் அதைக் கொண்டு எத்தனை அம்புகளை அடித்திருப்பேனோ!