ஆறடிக்கு நாலடி

மாண்ட்ரீல் நகரத்தின் மத்தியில், பெரிய ஹோட்டல்களுக்கும் கடைகளுக்கும் நடுவே, கார்கள் நிறுத்தும் கட்டடம் ஒன்று இருக்கிறது. பார்வைக்கு ஒரு லட்சணமும் கிடையாது. பிப்ரவரி மாதக் குளிர். பூஜ்யத்துக்குக் கீழே பதினெட்டு டிகிரி. காது இருக்கிறதா, விழுந்துவிட்டதா என்று தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்த என்னை, அந்தக் கட்டடத்துக்கு எதிரே நிறுத்தி வைத்துவிட்டார் நண்பர்.

"இதுதான் இடம்" என்றார், ஏதோ ஸ்தல புராணம் சொல்லப் போகிறவர் மாதிரி.

ஸ்தல புராணம்தான்! அங்கே ஒரு காலத்தில் விக்டோரியா ஸ்கேட்டிங் ரிங்க் என்ற பனித்தளம் இருந்தது. 1875-ம் வருஷம் மார்ச் மாதம் 3-ந் தேதி மாலை, கட்சிக்கு ஒன்பது பேராக, கூரைக்கு அடியில் ஐஸ் ஹாக்கி ஆடினார்கள். உலகத்தில் முறையாக விளம்பரம் செய்து அரங்கத்துக்குள் நடந்த முதல் போட்டி அது என்று சரித்திரம் சொல்கிறது. ஜேம்ஸ் கிரைட்டன் என்பவருடைய கட்சி 2-1 என்று ஜெயித்தது.

"ஆக மொத்தம் மூன்றே கோல்" என்றேன்.

"ஓம். சண்டை அண்டைக்கே துவங்கிட்டுது" என்றார் நண்பர்.

என்ன சண்டை என்பதைச் சொல்வதற்கு முன் நண்பரைப் பற்றி இரண்டு வார்த்தை. சொந்த ஊர் யாழ்ப்பாணம். மாண்ட்ரீலில் ஆயிரக்கணக்கான ஈழத் தமிழர்கள் இருக்கிறார்கள். அவர்களில் இவர் முப்பது வருஷத்து வாசி. ஊரில் கிரிக்கெட் ஆடியவருக்கு இங்கே ஹாக்கிப் பைத்தியம் பிடித்துவிட்டது. போதாக்குறைக்குப் பதினாலு வயது மகள் ஒரு பெண்கள் கட்சியில் கோல்கீப்பர். தகப்பனாருக்கும் மகளுக்கும் தினசரி விவாதம். ஆட்டத்தில் கோல் போதவில்லை, விதிகளை மாற்ற வேண்டும், கோல் கம்பங்களைத் தள்ளி நட வேண்டும் என்பது தகப்பனார் கட்சி. கம்பத்தை யாரும் தொடக் கூடாது என்பது மகள் கட்சி. கனடா தேசம் முழுவதும் பல காலமாக இதே வழக்குத்தான். இவர்கள் வீட்டில் அது தமிழில் நடக்கிறது, அவ்வளவே!

நம் ஊர் வாசகர்களுக்காக ஆட்டத்தின் சுருக்கம்: இருநூறு அடி நீளம், எண்பத்தைந்து அடி அகலத்தில் பனித்தளம். காலில் ஸ்கேட், கையில் மட்டை. பந்துக்குப் பதிலாக மூன்று அங்குல விட்டத்தில் ரப்பர் வட்டு; துள்ளாமல் வழுக்க வேண்டும் என்பதற்காக அதையும் உறைய வைத்துக் கொண்டுவருகிறார்கள். கட்சிக்கு ஐந்து ஆட்டக்காரர்கள், ஒரு கோல்கீப்பர். இருபது நிமிஷமாக மூன்று பகுதி. தளத்தின் குறுக்கே இரண்டு நீலக்கோடுகள். எதிரியின் நீலக்கோட்டை வட்டு தாண்டுவதற்கு முன் ஆள் தாண்டக் கூடாது, தாண்டினால் ஆஃப்ஸைடு. கோலின் வாய் ஆறடி அகலம், நாலடி உயரம். சர்ச்சையெல்லாம் இந்த ஆறுக்கு நாலைப் பற்றியதுதான்.

மறுநாள் காலை, நகராட்சி அரங்கம் ஒன்றில் மகளுடைய ஆட்டத்தைப் பார்க்கப் போனோம். அரங்கத்துக்குள்ளும் குளிர். பெற்றோர்கள் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, கையில் காப்பியுடன், மரப்பலகைகளில் உட்கார்ந்து பிரெஞ்சிலும் இங்கிலீஷிலும் கத்திக்கொண்டிருந்தார்கள். நண்பர் தமிழில் கத்தினார். எனக்கு முதல் பத்து நிமிஷம் வட்டு எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. எல்லோரும் "ஓ!" என்று எழுந்தால் நானும் எழுந்தேன், உட்கார்ந்தால் உட்கார்ந்தேன். பிறகுதான் கண் பழகியது. பழகியதும் ஒன்று புரிந்தது. எதிர்க்கட்சிப் பெண்கள் ஒரு கோல் போட்டுவிட்டு, அதற்கப்புறம் தாங்கள் ஆடுவதையே நிறுத்திவிட்டார்கள். இரண்டு நீலக்கோடுகளுக்கும் நடுவே நான்கு பேர் வேலி மாதிரி நின்றுகொண்டார்கள். இந்தப் பக்கத்துப் பெண் வட்டைத் தள்ளிக்கொண்டு வருவாள், வேலியில் முட்டுவாள், வட்டு போய்விடும். மறுபடி வருவாள். மறுபடி முட்டுவாள். ஆட்டம் 1-0 என்று முடிந்தது.

இந்த வேலிக்குப் பெயர் 'டிராப்', அதாவது பொறி. பெரியவர்களிடமிருந்து குழந்தைகள் கற்ற வித்தை. 1995-ல் நியூ ஜெர்ஸி அணி இந்த வித்தையின் பலத்தில்தான் ஸ்டான்லி கோப்பையை வாங்கியது. கெட்டிக்காரத்தனம்தான், ஆனால் காசு கொடுத்துப் பார்க்க வந்தவன் கொட்டாவி விட்டான்.

மத்தியானம் பழைய 'ஃபோரம்' அரங்கத்துக்குப் போனோம். 1924-ல் திறந்து, 1996 வரை மாண்ட்ரீல் கனேடியன்ஸ் அணியின் வீடாக இருந்த இடம். அந்த அணி வாங்கிய ஸ்டான்லி கோப்பைகள் 24. வேறு எந்த அணியும் அந்த எண்ணிக்கையை எட்டியதில்லை. இப்போது அணி பெல் சென்டர் என்ற பெரிய அரங்கத்துக்குப் போய்விட்டது. ஃபோரத்துக்குள்ளே சினிமாக் கொட்டகைகள் வந்துவிட்டன. எனக்கு மனசு என்னவோ போல் ஆயிற்று. நண்பருக்கு அப்படியொன்றும் இல்லை. "எங்கட வழக்குக்குச் சாட்சியெல்லாம் இங்கதான் இருக்கு" என்று ஆரம்பித்துவிட்டார்.

முதல் சாட்சி ஜார்ஜ் ஹெயின்ஸ்வொர்த். கனேடியன்ஸ் கோல்கீப்பர். 1928-29 பருவத்தில் 44 ஆட்டங்களில் அவர் விட்ட கோல் 43. இருபத்திரண்டு ஆட்டங்களில் ஒரு கோல் கூட விடவில்லை! மகா சூரர்தான், ஆனால் காரணம் அவர் மட்டும் அல்ல. எதிரியின் எல்லைக்குள் வட்டை முன்னால் நிற்கும் கூட்டாளிக்குத் தள்ளக் கூடாது என்று அப்போது விதி. ஒருவன் தானே இழுத்துக்கொண்டு போக வேண்டும். எல்லோரும் சேர்ந்து அவனை மடக்குவார்கள். இரண்டு கட்சிக்கும் சேர்த்து ஓர் ஆட்டத்துக்குச் சராசரி மூன்று கோல் கூட விழவில்லை. அடுத்த பருவத்தில், முன்னால் தள்ளலாம் என்று அனுமதித்தார்கள். சிலர் நேரே கோல் வாசலில் போய்க் குடியிருக்க ஆரம்பித்துவிட்டார்கள்! நடுப்பருவத்திலேயே ஆஃப்ஸைடு விதியைக் கொண்டுவந்து அவர்களைக் கிளப்ப வேண்டியதாயிற்று. அப்படியும் அந்தப் பருவத்துக் கோல்கள் ஏறக்குறைய இரட்டிப்பு.

இரண்டாவது சாட்சி நேர் எதிர். 1955 நவம்பர் 5-ந் தேதி இதே ஃபோரத்தில் பாஸ்டன் அணியின் ஆட்கள் இருவர் தண்டனையாக வெளியே உட்கார்ந்திருந்தபோது, கனேடியன்ஸ் வீரர் ஜான் பெலிவோ 44 விநாடிக்குள் மூன்று கோல் போட்டார். எத்தனை கோல் விழுந்தாலும் தண்டனைக் காலமான இரண்டு நிமிஷமும் முடிந்துதான் ஆள் உள்ளே வரலாம் என்பது அன்றைய விதி. மாண்ட்ரீலின் கை ஓங்கிவிட்டதென்று மறு பருவமே மாற்றினார்கள்: ஒரு கோல் விழுந்தால் வெளியே இருப்பவன் உள்ளே வந்துவிடலாம். கோல் குறைவதற்காகவும் விதியைத் திருத்தியிருக்கிறார்கள், பார்த்தீர்களா!

பிறகு காலம் மாறியது. 1981-82-ல் ஓர் ஆட்டத்துக்குச் சராசரி எட்டு கோல். அந்தப் பருவத்தில் எட்மன்டன் அணியின் வெயின் கிரெட்ஸ்கி ஒருவரே 92 போட்டார். அப்புறம் பொறிகள் வந்தன. கோல்கீப்பர்கள் முழங்காலை மடித்து, கால்களை இரு பக்கமும் வண்ணத்துப்பூச்சிச் சிறகு மாதிரி விரித்துக் கீழ்ப்பகுதியை அடைக்கக் கற்றார்கள். கால் மெத்தைகள் ஊதின. 2003-04-ல் சராசரி சுமார் ஐந்துக்கு இறங்கிவிட்டது. சம்பளத் தகராறில் அடுத்த பருவம் முழுவதும் ஆட்டமே நடக்கவில்லை. 2005-ல் திரும்பி வந்தபோது விதிகளை மொத்தமாகத் திருத்தினார்கள். நடுக்கோடு தாண்டி நீளமாக வட்டை அனுப்பலாம். ஓடுகிறவனை மட்டையால் கொக்கி போட்டு இழுத்தால் கண்டிப்பாகத் தண்டனை. கோல்கீப்பரின் கால் மெத்தை அகலம் 12 அங்குலத்திலிருந்து 11. சராசரி ஆறைத் தாண்டியது.

கதை அத்தோடு முடியவில்லை. பயிற்சியாளர்கள் சும்மா இருப்பார்களா? 2014-15-க்குள் சராசரியை ஐந்தரைக்கு இறக்கிவிட்டார்கள். மறுபடி கோல்கீப்பரின் மார்புக் கவசத்தைச் சுருக்கி, மட்டையால் கையில் அடிப்பதைக் கண்டித்து, 2021-22-லிருந்து நான்கு பருவங்கள் தொடர்ந்து ஆறுக்கு மேல் வரும்படி செய்தார்கள்.

"பாத்தீங்களே? ஒவ்வொரு தரமும் மருந்து, ஒவ்வொரு தரமும் வருத்தம் திரும்பி வருது" என்றார் நண்பர். "கோல்கீப்பர்மார் இப்ப ஆறரை அடிக்கும் வளருகினம். கூடு மட்டும் அந்தக் காலத்துக் கூடு. ஒருக்காப் பெரிசாக்கி விட்டால் பிரச்சினை தீர்ந்துது."

மகள் அதுவரை வாயைத் திறக்கவில்லை. "அப்பா, இப்பவே ஒரு கோல் போனால் எல்லாரும் என்னைத்தான் பார்க்கினம்" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, "மாமா, காலைல என்ர பக்கம் ஒரு கோல்தான் போனது. கூடு பெரிசா இருந்தால் நாலு போயிருக்கும். அந்த வேலி மட்டும் அப்படியேதானே நிண்டிருக்கும்?" என்று கேட்டாள்.

தகப்பனாரிடம் பதில் இல்லை. எனக்கும் அவள் சொன்னதுதான் சரி என்று பட்டது. 1929-லும் 2005-லும் ஆட்டத்துக்கு உயிர் கொடுத்தது ஓடுகிறவனுக்கு வழி விட்ட விதிகள்தாம். கோலின் வாயை அகலமாக்கினால் எண்ணிக்கை கூடும். ஆனால் நடுத்தளத்தில் முட்டி நிற்கிற பெண்ணுக்கு அதனால் ஒரு லாபமும் இல்லை. மைதானத்து ஹாக்கியிலும் 1990-களில் ஆஃப்ஸைடை எடுத்தார்களே ஒழிய, கம்பத்தைப் பிடுங்கி நடவில்லை. கிரிக்கெட்டில் முதல் ஓவர்களில் வெளிவட்டத்தில் இரண்டு பேருக்கு மேல் நிற்காதே என்று சொன்னது நல்ல விதி. எல்லைக் கயிற்றை உள்ளே இழுத்தது, என் அபிப்பிராயத்தில், அவ்வளவு நல்ல காரியமல்ல. நண்பர் இதற்குக் கோபித்துக்கொண்டாலும் கோபித்துக்கொள்ளட்டும்.

கோல்கீப்பரின் உடம்பையும் நினைக்க வேண்டும். கனேடியன்ஸ் கோல்கீப்பர் ஜாக் பிளான்ட் 1959 நவம்பர் 1-ந் தேதி நியூயார்க்கில் வட்டு பட்டு முகம் கிழிந்து, தையல் போட்டுக்கொண்டு, முகமூடி அணிந்தால்தான் திரும்ப இறங்குவேன் என்று பிடிவாதம் பிடித்தார். அதுவரை கோல்கீப்பர்கள் பெரும்பாலும் வெறும் முகத்தோடு நின்றவர்கள்! கவசத்தைக் குறைக்கிற விதியிலும் எனக்குக் கொஞ்சம் பயம் உண்டு. இடத்தை அடைப்பதற்காக ஊதிய கவசத்தைக் குறைக்கலாம். அடியைத் தாங்குகிற கவசத்தில் கை வைக்கக் கூடாது. இரண்டுக்கும் இடையே கோடு எங்கே என்பது அளவு நாடாவுக்கு எளிதில் அகப்படாது.

ஊர் திரும்புவதற்கு முன் நண்பர் வீட்டருகே ஒரு பூங்காவில் பஸ்ஸுக்குக் காத்திருந்தேன். தண்ணீர் விட்டு உறைய வைத்த தளத்தில் பையன்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். நடுவர் இல்லை, கோடு இல்லை. கழற்றிப் போட்ட பூட்ஸ்களே கோல் கம்பங்கள். பெரிய பையன் ஒருவன் வந்து பூட்ஸை ஓரடி தள்ளி வைத்தான். கோலில் நின்ற பொடியன் அதைத் திரும்ப இழுத்து வைத்தான். மறுபடி தள்ளினான், மறுபடி இழுத்தான். பிரெஞ்சில் பலத்த வாக்குவாதம். பூட்ஸ் கடைசியில் எங்கே நின்றது என்று பார்ப்பதற்குள் என் பஸ் வந்துவிட்டது.