நீட்டிய கை

1980களின் தொடக்கத்தில், தாத்தாவோடு திருக்கழுக்குன்றம் மலையின் ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட படிகளை ஏறினேன். உச்சிவேளை. பாறையில் அமர்ந்திருந்த அர்ச்சகர் சர்க்கரைப் பொங்கலைக் கையில் ஏந்திக் காத்திருந்தார். தந்தைவழி வந்த பணி என்றார்கள். அன்று பறவைகள் தாமதித்தன, கூட்டம் முணுமுணுத்தது. அவர் கையைத் தாழ்த்தவில்லை. கடைசியில் இரண்டும் இறங்கின. காசியில் நீராடி வரும் முனிவர்கள் என்று தாத்தா கைகூப்பினார். அவை மஞ்சள்முகப் பாறுகள் என்பதைப் பிற்பாடு படித்தறிந்தேன்.

பல ஆண்டுகள் கழித்து லேவியராகமத்தின் 16ஆம் அதிகாரத்தை வாசித்தபோது அந்தக் கை நினைவுக்கு வந்தது. ஆரோன் வழிவந்த பிரதான ஆசாரியன், பொன் வேலைப்பாடுள்ள உடைகளை அணியாமல், எளிய சணல்நூல் அங்கியோடு, ஆண்டுக்கு ஒருநாள் மட்டும் திரைக்குப் பின்னே நுழைகிறான். எல்லோருக்காகவும் ஒருவன். கி.பி. 70இல் உரோமர் எருசலேம் ஆலயத்தை அழித்தனர், அப்பதவியும் முடிந்தது. ஆயினும் ஆரோனின் வழியினராகக் கருதப்படும் கோஹன்கள் இன்றும் ஜெப ஆலயங்களில் கைகளை உயர்த்தி ஆசி கூறுகிறார்கள்.

சென்ற மாதம் மீண்டும் மலையேறினேன். பறவைகள் வராமற்போய் இருபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. மாலையில் மாமல்லபுரம் சென்று, கடற்கரைக் கோயிலில் பூசையின்றிப் பள்ளிகொண்டிருக்கும் பெருமாளைப் பார்த்தபடி நின்றேன். அங்கே கடவுள் இருக்கிறார், அர்ச்சகர் இல்லை.

பறவை வந்ததால்தான் அந்த அர்ச்சகருக்குப் பெருமை என்று சிறுவயதில் எண்ணியிருந்தேன். வருமோ வராதோ என்ற அந்தக் கால் மணி நேரத்தில் தாழாதிருந்த கைதான் அவருடைய பதவி என்று இப்போது தோன்றுகிறது.