14 டாலருக்கு ஒரு என்.பி.ஏ. ஆட்டம்

மக்களே, இன்னைக்கு சுகர், பிரஷர், டெங்கு எதுவும் இல்லை. கூடைப்பந்து இழை. கொஞ்சம் நீளம், டீ எடுத்துக்கிட்டு வாங்க.

அமெரிக்காவில் எடுத்த ஒரு போட்டோவைப் போட்டதில் இருந்து இன்பாக்ஸில் ஒரே கேள்விதான். "டாக்டர், என்.பி.ஏ. மேட்ச் பார்க்க லட்ச ரூபா ஆச்சா?"

இல்லைங்க. முதல் ஆட்டத்துக்கு 14 டாலர். 2024 மார்ச் மதிப்பில் சுமார் 1,160 ரூபாய். மொத்தம் மூணு ஆட்டம், நாலு சீட்டு, 94 டாலர்.

நான் தாலுகா அளவிலான அரசு மருத்துவமனையில் இருக்கிற எம்.பி.பி.எஸ். டாக்டர். நியூஜெர்சியில் இருக்கிற தங்கச்சிக்குப் பிரசவம். அம்மாவைத் தனியா விமானம் ஏத்த மனசில்லை. ஈட்டிய விடுப்பு மூணு வாரம், வெளிநாடு போகத் தடையில்லாச் சான்று (அந்தக் கோப்பு நகர்ந்த கதை தனி இழை). விமான டிக்கெட்டோட என் சேமிப்பு காலி. மாப்பிள்ளை நல்ல மனுஷன். "மச்சான், மேடிசன் ஸ்கொயர் கார்டன் போங்க, டிக்கெட் நான் போடுறேன்"னார். அன்னைக்கு அங்கே கடைசி வரிசை சீட்டே 140 டாலருக்கு மேல. பிள்ளை பிறந்த வீட்டில் செலவு எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதா? வேண்டாம்னுட்டேன். நம்ம காசில் முடிஞ்சா பார்ப்போம், இல்லைன்னா குழந்தையைப் பார்த்துக்கிட்டு இருப்போம்னு முடிவு.

முடிஞ்சது. எப்படின்னு சொல்றேன்.

என்.பி.ஏ.வில் 30 அணிகள். ஒவ்வொரு அணிக்கும் சீசனுக்கு 82 ஆட்டம், அதில் பாதி சொந்த ஊரில். அக்டோபர் கடைசியில் ஆரம்பிச்சு ஏப்ரல் நடுவரை ஓடும். யோசிச்சுப் பாருங்க, ஒரே அரங்கத்தை ஆறு மாசத்துக்குள்ள 40 தடவை நிரப்பணும். சனிக்கிழமை, பெரிய அணி வந்தால் தானா நிரம்பும். குளிர்கால செவ்வாய்க்கிழமை ராத்திரி, தோத்துக்கிட்டே இருக்கிற ரெண்டு அணி ஆடினால்? சீசன் டிக்கெட் எடுத்தவரே வர மாட்டார், ஆப்பில் விக்கப் போட்டுடுவார். ஆட்டம் தொடங்கினதும் அந்தச் சீட்டின் மதிப்பு கிட்டத்தட்ட பூஜ்யம். அதனால சாயங்காலம் ஆக ஆக விலை இறங்கும். நம்ம ஊர்ல ராத்திரி 9 மணிக்கு மார்க்கெட்டில் கீரைக்கட்டு விக்கிற மாதிரி.

அதனால ஊரை முடிவு பண்ணிட்டு டிக்கெட் தேடாதீங்க. எந்த அணி மோசமா ஆடுதோ அந்த ஊருக்குப் போங்க.

அந்த வருஷம் எனக்குக் கிடைச்சது வாஷிங்டன் விசார்ட்ஸ். 2023-24 சீசனில் 82 ஆட்டத்தில் 15 வெற்றி. அந்த அணி வரலாற்றில் அதுவரை அவ்வளவு மோசமான சீசன் இல்லை. நியூயார்க்கில் இருந்து நாலரை மணி நேர பஸ், வர்ஜீனியாவில் இருக்கிற பேட்ச்மேட் வீட்டில் படுக்கை. மெட்ரோவில் காலரி பிளேஸ் சைனாடவுன் ஸ்டேஷனில் இறங்கி மேலே ஏறினால் அரங்கத்து வாசல். அரங்கத்துக்கு மெட்ரோ இருக்கான்னு முதல்ல பாருங்க. 14 டாலர் டிக்கெட் வாங்கிட்டு 50 டாலர் டாக்சியில் போறதில் அர்த்தமில்லை.

ஆட்டத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்னாடியே உள்ளே போயிட்டேன். அப்பத்தான் வார்ம்-அப் நடக்கும். ஒருத்தர் ஒரே மூலையில் நின்னு திரும்பத் திரும்ப எறிஞ்சுக்கிட்டே இருந்தார். டிவியில் இதைக் காட்டவே மாட்டாங்க.

சீட்டு உச்சாணியில். ஆனா எங்கப்பா இருந்திருந்தா அதைத்தான் நல்ல சீட்டுன்னு சொல்லியிருப்பார். அப்பா தேனி மாவட்டத்தில் அரசுப் பள்ளி பி.டி. வாத்தியார். பெரியகுளத்தில் மே மாசம் நடக்கும் அகில இந்திய கூடைப்பந்துப் போட்டிக்கு வருஷா வருஷம் என்னையும் தங்கச்சியையும் கூட்டிட்டுப் போவார். கேலரியில் மேல்படிதான் பிடிப்பார். "பந்தைப் பார்க்காதேடா, பந்து கையில இல்லாதவன் என்ன பண்றான்னு பாரு" என்பார். டிவி கேமரா பந்து பின்னாடியே ஓடும். மேலே உட்கார்ந்தா பத்துப் பேரும் ஒரே பார்வையில் தெரிவாங்க. ஒருத்தனை மறிக்க ரெண்டு பேர் பாயும்போது எந்த மூலை காலியாகுதுன்னு பாஸ் போறதுக்கு முன்னாடியே நமக்குத் தெரியும்.

பக்கத்து சீட்டில் ஓய்வு பெற்ற பஸ் டிரைவர் ஒருத்தர். அந்த அணி தோக்கிறதைப் பல வருஷமா நேர்ல வந்து பார்க்கிறவர். "உங்க நாட்டில் பாஸ்கெட்பால் உண்டா?"ன்னார். 2019 அக்டோபரில் சாக்ரமென்டோவும் இண்டியானாவும் மும்பைக்கு வந்து ரெண்டு ஆட்டம் ஆடினதைச் சொன்னேன், தலையாட்டினார். பெரியகுளத்தைச் சொன்னதும்தான் நிமிர்ந்து உட்கார்ந்தார். பேரைச் சொல்ல மூணு தடவை முயற்சி பண்ணி, "பெரி"யோட நிறுத்திக்கிட்டார். விசார்ட்ஸ் அன்னைக்கும் தோத்தாங்க. மனுஷன் கடைசி நிமிஷம் வரை கத்தினார்.

இப்ப டாக்டரா ஒரு விஷயம்.

ஆட்டத்துக்கு முன்னாடி ஒவ்வொரு அணியும் காயப் பட்டியல் வெளியிடணும், லீகின் விதி. யாருக்கு எந்த மூட்டு, ஆடுவாரா, சந்தேகமா, இல்லையா எல்லாம் அதில் இருக்கும். நான் அதை வார்டு ரவுண்ட்ஸ் கேஸ் ஷீட் மாதிரி படிப்பேன். டிக்கெட் விக்கிறவங்களும் படிப்பாங்க. நட்சத்திரம் ஆடலைன்னு வந்த கொஞ்ச நேரத்தில் விலை சரியும்.

பிலடெல்பியா அப்படித்தான் எனக்குக் கைக்கு எட்டுச்சு. அந்த அணியின் ஜோயல் எம்பீட் முந்தின சீசனில் லீகின் சிறந்த ஆட்டக்காரர் விருது வாங்கினவர். 2024 ஜனவரி 22 அன்னைக்கு ஒரே ஆட்டத்தில் 70 பாயிண்ட். எட்டு நாள் கழிச்சு இன்னொரு ஆட்டத்தில் பந்துக்காகத் தரையில் கிடந்தப்போ எதிரணிக்காரர் அவர் கால் மேல விழுந்தார். இடது முழங்காலில் மெனிஸ்கஸ், நம்ம ஊர்ல "ஜவ்வு"ன்னு சொல்றோமே, அதில் காயம். பிப்ரவரியில் அறுவை சிகிச்சை, ஏப்ரல் 2 தான் திரும்ப வந்தார். அவர் ஆடின 39 ஆட்டத்தில் 31 வெற்றி. அவர் இல்லாத 43-ல் 16 தான்.

நடுவில் மார்ச்சில் நான் போனேன். டிக்கெட் 26 டாலர்.

அந்த 26-ஐ ஆப்பில் பார்த்ததும் முதல்ல சந்தோஷம். அடுத்த நிமிஷம் ஒரு மாதிரி இருந்தது. ஒருத்தர் முழங்கால் போனதில் எனக்குக் காசு மிச்சம். என் ஓபிக்கு கபடி ஆடுற பசங்க, மூட்டை தூக்குறவங்க இதே ஜவ்வு காயத்தோட வருவாங்க. மெடிக்கல் காலேஜுக்கு ரெஃபர் பண்ணி அனுப்புவேன். ஆறு வாரம் வேலைக்குப் போகாதீங்கன்னா, "அப்ப வீட்டுக்கு யார் சார் சம்பாதிப்பா?"ம்பாங்க. எம்பீட்டுக்கு அந்தக் கவலை இல்லை, உட்கார்ந்திருந்தாலும் ஒப்பந்தச் சம்பளம் வரும். ஆனா அவர் கால் இல்லைன்னா அரங்கமே விலை இறங்குது. மூட்டை தூக்குறவர் கால் போனால் எந்த விலையும் இறங்காது. எது கொடுமைன்னு எனக்குச் சொல்லத் தெரியலை. டிக்கெட்டை வாங்கினேன், போனேன்.

போகிற வழியிலும் மிச்சம் இருக்கு. நியூஜெர்சியில் இருந்து ஆம்ட்ராக் ரயில் விலை அதிகம். லோக்கல் ரயிலில் ட்ரென்டன் வரை போய், அங்கே செப்டா ரயில் மாறினால் பிலடெல்பியா. சிட்டி ஹாலில் பிராட் ஸ்ட்ரீட் சப்வே பிடிச்சு தெற்கே கடைசி ஸ்டேஷன். நேரம் கூட ஆகும், செலவு குறையும். திரும்பி வர கடைசி ரயில் எத்தனை மணிக்குன்னு பார்த்து வெச்சுக்கிட்டு, ஆட்டம் முடிய நாலு நிமிஷம் இருக்கும்போது கிளம்பினேன். மனசு அங்கேயே இருந்தது, கால் ஸ்டேஷனுக்கு ஓடுச்சு.

மூணாவது புரூக்ளின். இதுக்கு அம்மாவும் வந்தாங்க.

பெரியகுளத்துக்கு அம்மா வந்ததே இல்லை. ராத்திரி 11 மணிக்குப் பசியோட திரும்புற மூணு பேருக்கு தோசை ஊத்த யாராவது வீட்ல இருக்கணுமே. அப்பா இப்ப இல்லை. ஆட்டக்காரனைக் கட்டிக்கிட்டு, ஆட்டக்காரப் பிள்ளைகளைப் பெத்து, 64 வயசு வரை ஒரு ஆட்டம்கூட நேர்ல பார்க்கலை. தங்கச்சிதான் சொன்னா, "அண்ணே, குழந்தையை நாங்க பார்த்துக்கிறோம், அம்மாவை இழுத்துட்டுப் போ."

அம்மாவுக்கு ரெண்டு முழங்காலும் தேய்மானம், கைத்தடி. மேல்தட்டுப் படிகள் செங்குத்து. இங்கே ஒரு நல்ல விஷயம் தெரிஞ்சுக்கிட்டேன். அமெரிக்காவில் மாற்றுத்திறனாளிகள் சட்டப்படி, படி ஏற முடியாதவங்களுக்கான இருக்கைகளை எல்லா விலைப் பிரிவிலும் வெச்சிருக்கணும், கூடுதல் விலை சொல்லக் கூடாது. கூட வர்றவருக்கும் பக்கத்திலேயே சீட்டு. சான்றிதழ் கேட்க மாட்டாங்க. சான்றிதழ் எழுதியே பாதி நாள் போகிற எனக்கு அது பெரிய ஆச்சரியம். (தேவை இருக்கிறவங்க மட்டும் வாங்குங்க. அந்த இடம் குறைவு.) லிஃப்டில் ஏறி, தலா 27 டாலர் சீட்டில் அலுங்காம உட்கார்ந்தோம்.

புரூக்ளினைத் தேர்ந்தெடுக்க இன்னொரு காரணம், அப்ப அங்கே ஆடின மிகேல் பிரிட்ஜஸ். லீகுக்கு வந்ததில் இருந்து ஒரு ஆட்டத்தைக்கூடத் தவறவிடாதவர், அந்த சீசனிலும் 82-ம் ஆடினார். காயப் பட்டியலைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அம்மாவுக்கு இதெல்லாம் சொல்லலை. இரண்டாவது குவார்ட்டரில் அவங்களே கேட்டாங்க, "ஏப்பா, அந்த ஒண்ணாம் நம்பர் புள்ள உட்காரவே மாட்டானா?"

முதல்ல சத்தம் பிடிக்கலை, முந்தானையால் காதை மூடிக்கிட்டாங்க. அப்புறம் 24 செகண்ட் கடிகாரம் எதுக்குன்னு கேட்டாங்க. மூணாவது குவார்ட்டரில் திடீர்னு தடியால் தரையைத் தட்டி, "அந்த ஓரத்துல ஒருத்தன் சும்மாதானே நிக்கிறான், அவனுக்குப் போடலாம்ல!"ன்னாங்க.

நான் திரும்பிப் பார்த்தேன். மேல பார்வை மைதானத்திலேயே இருந்தது.

"உங்கப்பா ராத்திரி பூரா என்னை உட்கார வெச்சு இதைத்தான் சொல்லுவாரு. எனக்குத் தூக்கம் வரும். இப்பத்தான் புரியுது, என்ன சொன்னாருன்னு."

நான் பாப்கார்ன் வாங்கப் போறேன்னு எழுந்து வெளியே வந்துட்டேன். அங்கே பாப்கார்ன் டிக்கெட்டில் பாதி விலை, வாங்கலை.

சில்லறை விஷயங்கள். ஒரே சீட்டு மூணு நாலு ஆப்பில் வேற வேற விலையில் இருக்கும், எல்லாத்தையும் பாருங்க. நான் போனப்போ கட்டணத்தைக் கடைசிப் பக்கத்தில்தான் சேர்ப்பாங்க, 9 டாலர் சீட்டு 14 ஆனது அப்படித்தான். 2025 மே 12 முதல் மொத்த விலையை முன்னாடியே காட்டணும்னு அங்கே விதி வந்துடுச்சு, நமக்கு நல்லது. டிக்கெட் போனில் மட்டும்தான், பார்கோடு மாறிக்கிட்டே இருக்கும், ஸ்க்ரீன்ஷாட் செல்லாது. நெட் இருக்கணும், சார்ஜ் இருக்கணும். பெரிய பையை உள்ளே விட மாட்டாங்க, கட்டுச்சோறும் பொதுவா விட மாட்டாங்க. நானும் அம்மாவும் புளியோதரையை ரயிலிலேயே முடிச்சுட்டோம். சுகர் மாத்திரை, இன்சுலின் எடுக்கிறவங்க மருந்துச் சீட்டோட சொன்னால் தேவையானதை அனுமதிப்பாங்க, அரங்கத்தின் தளத்தில் முன்னாடியே பார்த்துக்கோங்க.

திரும்பி வரும்போது ராத்திரி 11 தாண்டிடுச்சு. எடிசன் ஸ்டேஷனில் மாப்பிள்ளை காரோட நின்னார். வீட்ல தங்கச்சி, மடியில் குழந்தையோட, எங்களுக்கு தோசை மாவு எடுத்து வெளியே வெச்சிருந்தா. அம்மா அவளை உட்காரச் சொல்லிட்டு என்னைப் பார்த்து, "நீ ஊத்துடா"ன்னாங்க.

கேள்வி இருந்தா கேளுங்க. இன்னைக்கு நைட் டூட்டி. கேசுவாலிட்டி எப்படி இருக்குன்னு மட்டும் கேட்காதீங்க, அதைச் சொன்னாலே கூட்டம் வந்துடும்.