காலத்தில் சொன்ன சொல்

எனக்குத் தமிழ் கற்பித்த ஆசிரியர் எங்கள் ஊரை அடுத்த முதியோர் இல்லமொன்றில் வாழ்ந்து வருகிறார். அகவை 85. திருக்குறள் 1,330 பாக்களும் அவர் நாவில் நிற்பன. ஞாயிறுதோறும் அவரைக் கண்டு, குறள் கேட்டு மீள்வது என் வழக்கம்.

2023ஆம் ஆண்டில் ஒரு ஞாயிறன்று, அவர் ஒரு குறளின் முதலடியோடு வேறொரு குறளின் இரண்டாமடியைச் சேர்த்துச் சொன்னார். என்றும் என்னைத் "தம்பி" என்றழைப்பவர், அன்று "நீங்கள் யார்?" என்று வினவினார். முதுமையின் மறதி என்றெண்ணி நகைத்தேன். அவரைப் பேணும் பெண்மணி, "நேற்று முதல் ஐயா சரியாக உண்ணவில்லை. மருத்துவர் புதனன்று வருவார், அப்போது சொல்லலாம்" என்றார். யானும் உடன்பட்டேன்.

செவ்வாய் இரவு ஆசிரியர் நினைவிழந்தார். மருத்துவமனைக்குக் கொண்டு சென்றோம். சிறுநீர்ப் பாதையில் தோன்றிய நோய்த்தொற்று குருதியிலும் பரவிவிட்டது என்றார் மருத்துவர். "முதியோர்க்குக் காய்ச்சல் இன்றியே தொற்று முற்றுவதுண்டு. மறதி நோய் மெல்ல மெல்ல வருவது. ஓரிரு நாளில் தோன்றும் தடுமாற்றமோ வேறொரு நோயின் அறிகுறியாகலாம். இதனை முதலில் கண்டவர் யார்?" என்று கேட்டார். யான் தலைகுனிந்தேன். சொற்பிழை கண்ட என் புலமை, உடற்பிழை காணத் தவறியது!

இருபது நாள் மருத்துவத்தால் ஆசிரியர் உயிர் பிழைத்தார். ஆயினும், பிறர் துணையின்றி நடக்கும் வலிமையை இழந்தார். அதன்பின் அவ்வில்லத்தில் ஒவ்வொரு முதியவர்க்கும் ஒரு குறிப்பேடு வைத்தனர். உணவு, உறக்கம், பேச்சு, நடை ஆகியவற்றில் மாறுதல் கண்டால் அன்றே எழுதுவர். அன்றே மருத்துவரைத் தொலைபேசியில் அழைப்பர். இன்ன மாறுதல், இன்ன பொழுதில் தொடங்கியது, முன்பு இவ்வாறு இருந்தார், இன்ன மருந்து உண்கிறார் என்று முறையாகச் சொல்வர். மூச்சுத் திணறல், நினைவிழப்பு போன்றவற்றிற்குக் காத்திராமல் 108 ஊர்தியை அழைப்பர்.

அப்பெண்மணி "பழம்" என்பதைப் "பளம்" என்று ஒலிப்பார். ஆசிரியர் உடனே திருத்துவார். மறு ஆண்டில் ஒருநாள் அவர் குறிப்பேட்டில், "இன்று ஐயா என் பிழையைத் திருத்தவில்லை" என்று எழுதி, அப்போதே மருத்துவரை அழைத்தார். மீண்டும் அதே தொற்று. ஆனால் தொடக்க நிலை. மருந்தினால் ஒரு கிழமையில் நலம் பெற்றார்.

மருத்துவத்தின் உறுப்புகளைக் கூறும் வள்ளுவர், நோயுற்றவன், மருத்துவன், மருந்து என்பவற்றோடு, அருகிருந்து பேணுபவனையும் சேர்த்து நான்கென்றார். அந்த நான்காமவர் பேசாவிடில் ஏனைய மூன்றும் ஒன்று கூடுவது எங்ஙனம்?

மாணவர்களே! உங்கள் பாட்டனும் பாட்டியும் நேற்றுப்போல் இன்று இல்லையெனில், "வயதாயிற்று" என்று வாளா இராதீர். கண்டதைக் கண்ட அன்றே சொல்லுங்கள். யான் சொல்லத் தவறிய அந்த ஞாயிறு, இன்றும் என் நெஞ்சை விட்டு அகலவில்லை.