எக்செல்லுக்கு ஒரு டெஸ்க்டாப் வேணுமாம்!

டிஸ்கி: இது பொட்டி தட்டுற சமாச்சாரம். சர்வர்னா இட்லி கொண்டாந்து வைக்கிறவர்னு மட்டும் தெரிஞ்சவங்களும் தாராளமா படிக்கலாம், புரியுற மாதிரிதான் சொல்லப் போறேன். புரியலைன்னா கம்பெனி பொறுப்பில்லை :-)

மக்களே, எக்செல், வேர்டு எல்லாம் எதை நம்பி எழுதப்பட்டிருக்குன்னு யோசிச்சிருக்கீங்களா? திரைக்கு முன்னாடி ஒரு மனுசன் உட்கார்ந்திருக்கான்ங்கிற நம்பிக்கையிலதான். "சேமிக்கட்டுமா?"ன்னு கேட்டா அவன் பதில் சொல்லுவான். "உங்க பேரு, இனிஷியல்?"னு கேட்டா தட்டுவான். அப்படி வளர்ந்த பிள்ளையைக் கூட்டிட்டுப் போய் ஆளில்லாத ஏசி ரூம்ல விட்டு, "ராத்திரி பூரா நீயே ஃபைல் போடு"ன்னா என்ன பண்ணும், பாவம். மைக்ரோசாஃப்ட்காரங்களே 257757னு நம்பர் போட்ட ஒரு கட்டுரையில, ஆளில்லாத சர்வர்ல ஆஃபீஸை இப்படி ஓட்டுறதை நாங்க பரிந்துரைக்கலை, ஆதரவும் கிடையாதுன்னு பச்சையா எழுதி வெச்சிருக்காங்க.

அதைப் படிச்சுட்டே ஓட்டினவங்கதான் நம்மாளுங்க. காரணம் ரொம்ப சிம்பிள். எல்லா ஆபீஸ்லயும் யாரோ ஒரு புண்ணியவான் பத்து வருசமா இழைச்சு இழைச்சு ஒரு எக்செல் படிவம் வெச்சிருப்பார். லோகோ, கட்டம், கையெழுத்துக்கு இடம், அடியில "இது கணினி மூலம் தயாரிக்கப்பட்டது"ன்னு ஒரு வரி. அதே மாதிரிதான் வரணும்னா எக்செல்லையே கூப்பிடுறதுதான் குறுக்கு வழி.

இப்ப கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன். 2009. கோயம்புத்தூர் பக்கம் ஒரு நூற்பாலை. அங்க சம்பள மென்பொருளைப் பராமரிக்கிற வேலை நமக்கு. ஆகஸ்ட்ல புது சர்வர் வந்துச்சு. விண்டோஸ் சர்வர் 2008, 64 பிட். அதுல ஆஃபீஸ் 2007. அமைச்சுக் கொடுத்தது வேற ஆளுங்க. ரெண்டு மாசம் பிரச்சனை இல்லாமத்தான் ஓடுச்சு. அந்த வருசம் தீபாவளி அக்டோபர் 17, சனிக்கிழமை. அதுக்கு முந்தின புதன்கிழமை போனஸ் பட்டுவாடா. செவ்வாய் சாயங்காலம் பட்டனை அமுக்கினா ஒரு சீட்டு கூட வரலை.

"சீட்டு லேட்டானா என்ன"ன்னு தோணும். கேஷியர் ரூல் அப்படி: சீட்டுல கையெழுத்து வாங்காம ஒரு ரூபா வெளிய வராது. சுமார் 600 பேர். பாதிக்கு மேல ஹாஸ்டல் பொண்ணுங்க, தேனி, திண்டுக்கல், ராமநாதபுரம் பக்கத்துலருந்து வந்தவங்க. கணக்கர் ஐயா ஒரே ஒரு வாக்கியம்தான் சொன்னார்: "தம்பி, இந்தப் புள்ளைங்க நாளைக்கு ராத்திரி பஸ் ஏறணுமுங்க."

ஏழு மணிக்கு சர்வர் ரூமுக்குப் போனா, மானிட்டர்ல செல்லோ டேப்பால ஒட்டின ஒரு காகிதம்: "தயவு செய்து லாக் ஆஃப் செய்யாதீர்கள்". அதைப் பார்த்ததுமே பாதி விஷயம் விளங்கிருச்சு.

விஷயம் இதுதான். சர்வர்ல ஓடுற வலைத்தளம் எக்செல்லைக் கூப்பிடும்போது, வழக்கமா முதல்ல கிடைக்கிறது 80070005ங்கிற பிழை. "அக்சஸ் இஸ் டினைட்", அதாவது உள்ள வராதே. ஐஐஎஸ் அங்க "நெட்வொர்க் சர்வீஸ்"ங்கிற பேர்ல வேலை செய்யுது. அந்த ஆளுக்கு எக்செல்லை எழுப்புற உரிமை கிடையாது. கம்போனென்ட் சர்வீசஸ்ல டிகாம் கான்ஃபிக்னு ஒரு பட்டியல் இருக்கு, அதுல எக்செல்லோட செக்யூரிட்டி பக்கத்துல அந்த உரிமையைக் கொடுக்கணும். எழுப்புறதுக்கு ஒண்ணு, எழுந்ததுக்கப்புறம் பேசுறதுக்கு ஒண்ணு, இந்த அமைப்பையே மாத்துறதுக்கு ஒண்ணுன்னு மூணு தனித்தனி. பக்கத்துலயே ஐடென்டிட்டின்னு ஒரு பக்கம். எழுந்திரிக்கிற எக்செல் யார் பேர்ல ஓடணும்னு அது முடிவு பண்ணும்.

அமைச்சவங்க என்ன பண்ணியிருந்தாங்கன்னா, உரிமை மூணையும் "எவ்ரிஒன்"னுக்குத் தாரை வார்த்துட்டு, ஐடென்டிட்டியில "இன்டராக்டிவ் யூசர்"னு போட்டிருந்தாங்க. அதாவது, சர்வர் திரையில யார் லாகின் பண்ணியிருக்காங்களோ அவங்க பேர்ல எக்செல் ஓடும். லாகின்ல இருந்தது அட்மினிஸ்ட்ரேட்டர். யாரும் இல்லைன்னா? எக்செல் எழுந்திரிக்கவே எழுந்திரிக்காது. காகிதத்தோட ரகசியம் புரியுதா?

அந்தக் காலத்து மின்வெட்டு நமக்கெல்லாம் மறந்திருக்காது. திங்கக்கிழமை ராத்திரி கரண்ட் போய், யூபிஎஸ் பேட்டரியும் கைவிரிச்சு, சர்வர் தானா அணைஞ்சு தானா எழுந்திருக்கு. காகிதம் பத்திரமா ஒட்டியே இருந்துச்சு. லாகின் பண்ணத்தான் ஆள் இல்லை.

"அட்மினா லாகின் பண்ணி விட்டுருங்க, வேலை முடிஞ்சுது"ன்னு போன்ல ஒருத்தர் ஐடியா கொடுத்தார். அன்னிக்கு ராத்திரிக்கு அது போதும்தான். ஆனா யோசிச்சுப் பாருங்க. வலைப்பக்கத்துலருந்து வர்ற கட்டளைக்கு அட்மினிஸ்ட்ரேட்டர் அதிகாரத்தோட ஒரு எக்செல் ஓடுது, அதை எழுப்ப எவனுக்கும் உரிமை இருக்கு. சம்பளக் கணக்கு மொத்தமும் அந்தப் பொட்டியிலதான். வீட்டுச் சாவியை வாசல் ஆணியில தொங்க விட்டுட்டு "திருடர்கள் வர வேண்டாம்"னு எழுதி ஒட்டுற கதை. அதுவும் போக, அன்னிக்கு ராத்திரி மறுபடியும் கரண்ட் போகாதுன்னு யார் உத்தரவாதம்?

சரின்னு எவ்ரிஒன்னைத் தூக்கிட்டு, நெட்வொர்க் சர்வீஸுக்கு மட்டும் உள்ளூர் எழுப்பும் உரிமை கொடுத்து, ஐடென்டிட்டியை "லாஞ்சிங் யூசர்"னு மாத்தினேன். (64 பிட் விண்டோஸ்ல 32 பிட் ஆஃபீஸ் இருந்தா, சாதாரணமா திறக்கிற பட்டியல்ல எக்செல் கண்ணுக்கே சிக்காது. "எம்எம்சி காம்எக்ஸ்ப்.எம்எஸ்சி /32"ன்னு இங்கிலீஷ்ல அடிச்சுத் திறக்கணும். தேவைப்படறவங்க குறிச்சு வெச்சுக்கோங்க.)

எக்செல் எழுந்துச்சு. எழுந்து, "ஃபைலைத் திறக்க முடியலை"ன்னு சொல்லுச்சு. ஃபைல் இருக்கு. ஃபோல்டர் உரிமை இருக்கு. வேற எவனும் திறந்து வெச்சிருக்கலை. இந்த மாதிரி நேரத்துல பிழைச் செய்தியை நம்பி உட்கார்ந்தா விடிஞ்சிரும். பிராசஸ் மானிட்டர்னு ஒரு கருவி இருக்கு. ஒரு நிரல் எந்தெந்த ஃபைலைத் தொடுது, என்ன பதில் கிடைக்குதுன்னு வரிவரியாக் காட்டிக் கொடுக்கும் ஒற்றன். அதை ஓட விட்டுப் பார்த்தா, எக்செல் தேடினது நம்ம ஃபைலை இல்லை. டெஸ்க்டாப் ஃபோல்டரை!

சத்தியமாங்க. நெட்வொர்க் சர்வீஸுக்கு முறையான புரொஃபைல் ஏறலைன்னா, எக்செல் சிஸ்டத்தோட பொதுப் புரொஃபைலுக்குப் போகும். விண்டோஸுக்குள்ள சிஸ்வாவ்64, அதுக்குள்ள கான்ஃபிக், அதுக்குள்ள சிஸ்டம்புரொஃபைல். அங்க ஒரு டெஸ்க்டாப் ஃபோல்டர் இருந்தே ஆகணும். சர்வர் 2008ல அது இல்லை. காலி ஃபோல்டர் ஒண்ணு உருவாக்கி, அதுக்கு மட்டும் உரிமை கொடுத்தேன். முதல் சீட்டு வந்து விழுந்துச்சு. (ஆஃபீஸும் 64 பிட்டா இருந்தா சிஸ்டம்32க்குள்ள இதே வேலையைப் பண்ணணும்.) பிற்பாடு உலகம் பூரா இந்தக் காலி ஃபோல்டரை உருவாக்கினவங்க இருக்காங்கன்னு தெரிஞ்சுது. யாருமே இல்லாத இடத்துல, யாரும் பார்க்காத ஒரு மேசை!

மணி பதினொண்ணு. சந்தோசமா டீ குடிச்சுட்டு வந்தா நூத்திச் சொச்சம் சீட்டோட நின்னிருக்கு. டாஸ்க் மேனேஜர்ல பார்த்தா வரிசையா எக்செல் எக்செல் எக்செல். ஒவ்வொரு சீட்டுக்கும் ஒரு எக்செல்லை எழுப்பி, அப்படியே அம்போன்னு விட்டிருந்தது பழைய நிரல். க்விட்னு சொன்னா மட்டும் அது போகாது. நிரல்ல அதைப் பிடிச்சிருக்கிற ஒவ்வொரு மாறியையும் விடுவிச்சாத்தான் கிளம்பும். கல்யாண வீட்டுல செருப்பு கிடைக்காத விருந்தாளி மாதிரி வாசல்லயே நிக்கும். மொத்தத்துக்கும் ஒரே எக்செல், சீட்டுக்கு ஒரு ஒர்க்புக்கைத் திறந்து மூடுறது, கேள்வி கேட்காம இருக்க டிஸ்ப்ளே அலர்ட்ஸை அணைக்கிறதுன்னு மாத்தி எழுதினேன். மூணே முக்காலுக்குக் கடைசி சீட்டு. காகிதத்தைக் கிழிச்சுப் போட்டுட்டு, அட்மினை லாக் ஆஃப் பண்ணி, இன்னொரு தடவை பத்து சீட்டு போட்டுப் பார்த்துட்டுத்தான் வண்டியை எடுத்தேன். புதன்கிழமை மதியத்துக்குள்ள பட்டுவாடா முடிஞ்சதா கணக்கர் ஐயா போன் பண்ணிச் சொன்னார்.

2011ல எக்செல்லை சர்வர்லருந்து ஒரேயடியா தூக்கியாச்சு. .எக்ஸ்எல்எஸ்எக்ஸ் ஃபைல்ங்கிறது உண்மையில ஒரு ஜிப் பொட்டலம். பேரை மாத்திப் பிரிச்சுப் பாருங்க, உள்ள எல்லாம் எக்ஸ்எம்எல். 2006ல எக்மா தரமா வந்து, 2008ல ஐஎஸ்ஓ தரமும் ஆயிருச்சு. ஓப்பன் எக்ஸ்எம்எல் எஸ்டிகே, ஜாவாக்காரங்களுக்கு அப்பாச்சி பிஓஐ மாதிரி நூலகங்களை வெச்சு, எக்செல்லே இல்லாம அதே படிவத்தை நிரப்பலாம். டிகாம் இல்லை, டெஸ்க்டாப் இல்லை, கட்டமும் லோகோவும் அப்படியே இருக்கும். பிடிஎஃப் வேணும்னா லிப்ரே ஆஃபீஸைத் திரையில்லாம ஓட்டலாம். ஆனா ஒரே நேரத்துல ரெண்டு ஓட்டினா ஒரே புரொஃபைலுக்கு அடிச்சுக்கும், தனித்தனி ஃபோல்டர் காட்டிவிடணும்.

புது முறையில கணக்கர் ஐயாவுக்கு ஒரே ஒரு குறை இருந்துச்சு. நீளமான பேர் வந்தா பத்தி தானா அகலமாகலை. எக்செல் எழுத்தை வரைஞ்சு பார்த்து அளக்கும். இந்த நூலகம் வரையறதே இல்லையே! எழுத்தை எண்ணி அகலம் போடலாம்னு பார்த்தா, முத்துலட்சுமிங்கிற பேருக்கு நிரல் 13ன்னு சொல்லுது. நமக்கு ஏழு எழுத்துதான். புள்ளியையும் கொம்பையும் தனித்தனியா எண்ணிட்டிருக்கு. அதுக்குன்னே எழுதின பன்னிரண்டு வரி நிரல் இன்னிக்கும் என்கிட்ட இருக்கு, யாருக்காவது வேணும்னா சொல்லுங்க.