கீழ் பர்த்துக்காரர்கள்

கன்னியாகுமரியிலிருந்து அஸ்ஸாமின் திப்ருகருக்குப் போகும் விவேக் எக்ஸ்பிரஸ் எங்கள் நாகர்கோவில் வழியாகத்தான் போகிறது. அதன் பெட்டிப் பலகையில் இரண்டு ஊர்ப் பெயர்களையும் பல வருடமாகப் பார்த்துக்கொண்டிருந்த அப்பா ஒரு நாள் சொன்னார்: “இந்த முனையில ஏறி அந்த முனையில இறங்கணும் மக்ளே.”

“அங்க என்னப்பா இருக்கு?” என்றேன்.

“இங்க என்ன இருக்குன்னு அங்க உள்ளவன் கேட்டா நீ என்ன சொல்லுவ?”

பதில் சொல்ல முடியாததால் டிக்கெட் போடும் வேலை என் தலையில் விழுந்தது.

விவேகானந்தரின் 150ஆம் பிறந்த ஆண்டை ஒட்டி 2011இல் தொடங்கிய வண்டி இது. ஏறத்தாழ 4,200 கிலோமீட்டர், சுமார் 75 மணி நேரம், ஒன்பது மாநிலங்கள். இந்தியாவில் இதைவிட நீளமாக ஓடும் ரயில் கிடையாது. குமரியில் கிளம்பிக் கேரளத்துக்குள் நுழைந்து, பாலக்காடு தாண்டி மறுபடி தமிழ்நாட்டுக்கு வந்து, கோவை, சேலம், காட்பாடி வழியே ஆந்திரத்துக்குப் போய்விடும். சென்னையைத் தொடாது. மூன்று இரவுகள் வண்டியிலேயே தூக்கம். நான்காம் இரவு திப்ருகர்.

நாள் குறிப்பதில் அப்பாவுக்குத் தெளிவு இருந்தது. நமக்குச் சித்திரை விஷு வரும் அதே நாட்களில் அஸ்ஸாமியருக்கு ரொங்காலி பிஹு. அதைப் பார்க்க வேண்டும் என்றார். ஆனால் பிஹுவைப் பார்க்கப் போகிறவர்கள் நாங்கள் இருவர். பிஹுவுக்கு வீட்டுக்குப் போகிறவர்கள் ஆயிரக்கணக்கில். பெரும்பாவூர் பிளைவுட் ஆலைகளிலும், திருப்பூர் பனியன் கம்பெனிகளிலும், கோவைப் பட்டறைகளிலும் வேலை செய்யும் வடகிழக்குப் பையன்களின் வண்டி இது. இந்தப் பக்கம் போக நினைப்பவர்கள் நம் நாட்காட்டியோடு அவர்கள் நாட்காட்டியையும் புரட்டிப் பார்க்க வேண்டும். பிஹு, துர்கா பூஜை, சட் பூஜை சமயங்களில் முன்பதிவு திறக்கும் நாள் காலையிலேயே இடம் தீர்ந்துவிடும்.

முன்பு 120 நாளாக இருந்த முன்பதிவுக் காலம் 2024 நவம்பர் முதல் 60 நாளாகிவிட்டது. பிப்ரவரியில் காலை எட்டு மணிக்கு இணையத்தின் முன் உட்கார்ந்தேன். இரண்டு விஷயங்களை முன்பே முடிவு செய்திருந்தேன். ஒன்று, டிக்கெட்டைக் கன்னியாகுமரியிலிருந்தே போட்டு, ஏறும் இடமாக நாகர்கோவிலைக் கொடுப்பது. வண்டி கிளம்பும் ஊருக்கான பொது ஒதுக்கீட்டில்தான் படுக்கைகள் அதிகம்; நடுவழி ஊர்களுக்கு வேறு ஒதுக்கீடு, அதில் காத்திருப்போர் பட்டியல் மெதுவாகவே நகரும். இன்னொன்று, பயணத்தைத் துண்டு துண்டாகப் பதியாமல் ஒரே டிக்கெட்டாக எடுப்பது. தூரம் கூடக் கூட ரயில் கட்டணம் கிலோமீட்டருக்குக் குறைந்துகொண்டே போகும். கவுகாத்தி வரை ஒன்று, அங்கிருந்து ஒன்று என்று எடுத்தால் செலவு கூடும்.

எந்த வகுப்பு என்பதில்தான் வீட்டில் வழக்கு நடந்தது. காற்று வர வேண்டும், ஸ்லீப்பர்தான் என்றார் அப்பா. எழுபதைத் தாண்டிய மனிதரை மூன்று இரவு பண்டிகைக் கூட்டத்தில் ஸ்லீப்பரில் கொண்டுபோக எனக்குத் தைரியமில்லை. நான் இரண்டாம் ஏ.சி. என்றேன், விலையைக் கேட்டு அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். மூன்றாம் ஏ.சி.யில் சமரசம் ஆயிற்று. போர்வை, விரிப்பு, தலையணை வண்டியிலேயே கிடைப்பதால் ஒரு பெட்டிச் சுமை மிச்சம்.

கீழ் பர்த் வாங்குவதற்கு ஒரு சூட்சுமம் உண்டு. முதியோருக்கான கட்டணச் சலுகை 2020இலேயே நின்றுபோனாலும், கீழ் பர்த்துக்கான தனி ஒதுக்கீடு இன்னும் இருக்கிறது. 60 வயதான ஆண்களுக்கும் 45 வயதான பெண்களுக்கும் அது பொருந்தும். ஆனால் அந்த டிக்கெட்டில் அதிகம் போனால் இரண்டு பேர்தான் இருக்கலாம். இருவரும் அந்த வயது வரம்புக்குள் வர வேண்டும். பேரனையோ மருமகளையோ அதே டிக்கெட்டில் சேர்த்தால் ஒதுக்கீடு போய்விடும். தனித்தனியாகப் போட்டால் ஆளுக்கொரு பெட்டியில் விழும் அபாயம். நாற்பத்தைந்தைத் தாண்டியதற்காக நான் மகிழ்ந்த ஒரே சந்தர்ப்பம் அதுதான். 33, 36 என இரண்டு கீழ் பர்த்துகள், எதிரெதிராக, பெட்டியின் நடுவில் கிடைத்தன.

எண்ணைப் பார்த்தே இடத்தைச் சொல்லிவிடலாம். எட்டால் வகுத்து மிச்சம் 1 அல்லது 4 வந்தால் கீழ். 2, 5 நடு. 3, 6 மேல். 7 பக்கவாட்டுக் கீழ். மிச்சமே இல்லாவிட்டால் பக்கவாட்டு மேல். எண் பெட்டியின் நடுவில் இருந்தால் இரவில் கதவுச் சத்தமும் கழிப்பறை வாடையும் எட்டாது. பொதுவாகச் சொல்லப்படாத ஒன்று மிச்சம் இருக்கிறது. கீழ் பர்த் இரவு பத்திலிருந்து காலை ஆறு வரைதான் படுக்கை. மற்ற நேரத்தில் அது மூன்று பேருக்கான இருக்கை. நடு பர்த்துக்காரர் மடக்கிவிட்டு இறங்கி வருவார். மேல் பர்த்துக்காரர் சாப்பிட வருவார். கீழ் பர்த் வாங்கியவர்தான் அந்தக் கூபேயின் வீட்டுக்காரர். வருகிறவர்களுக்கு நகர்ந்து இடம் கொடுப்பதும், யார் எப்போது படுப்பது என்பதை முகம் சுளிக்காமல் பேசி முடிப்பதும் அவர் பொறுப்பு.

அடுத்தது சாப்பாடு. இந்த வண்டியில் பேன்ட்ரி கார் உண்டு. ஆனாலும் எழுபத்தைந்து மணி நேரத்தையும் அதன் கையில் விட்டுவிட முடியாது. நான் வகுத்த திட்டம் எளிது. கெட்டுப்போகும் வரிசையில் சாப்பிடுவது. முதல் இரவுக்கும் மறுநாள் காலைக்கும் நல்லெண்ணெயில் குழைத்த மிளகாய்ப்பொடி தடவிய இட்லி. மதியத்துக்குப் புளிசோறு; தேங்காய், வெங்காயம் சேர்த்த எதுவும் கூடாது. எத்தனை நாளானாலும் தாங்குவதற்கு முந்திரிக்கொத்தும் நேந்திரம் சிப்ஸும். சிறுபயறை வறுத்துப் பொடித்துக் கருப்பட்டிப் பாகில் உருட்டி, அரிசி மாவில் முக்கிப் பொரிக்கும் முந்திரிக்கொத்து எங்கள் பக்கத்துப் பலகாரம். பிசுபிசுக்காது, கசியாது, கைகழுவவும் வேண்டாம்.

இரண்டாம் நாள் மாலையிலிருந்து பேன்ட்ரியும் நிலையங்களும். பேன்ட்ரிக்காரர் சாப்பாட்டு நேரத்துக்கு வெகுமுன்பே வந்து கேட்டுப் போவார். அப்போது சொல்லாவிட்டால் மிஞ்சியதுதான். சைவச் சாப்பாட்டுக்கு நிர்ணயித்த விலை 80 ரூபாய். ரசீது கேட்டு வாங்கலாம். பி.என்.ஆர். எண்ணைக் கொடுத்து, வரப்போகும் நிலையத்து உணவகத்திலிருந்து இருக்கைக்கே வரவழைக்கும் வசதியும் இருக்கிறது. அதற்கு நிலையம் தேர்வதில்தான் கவனம் வேண்டும். நின்று போகும் நேரம் அதிகமுள்ள, நாம் விழித்திருக்கும் நேரத்தில் வருகிற பெரிய சந்திப்புகளையே நம்பலாம். விஜயவாடாவில் மாலைச் சாப்பாடு, புவனேஸ்வரில் காலை டிபன் என்று வைத்துக்கொண்டேன். விசாகப்பட்டினம் நள்ளிரவில் வந்தது. அங்கே எஞ்சின் மறுமுனைக்கு மாறுவதால் வண்டி ஓய்வாக நிற்கும். ஆனால் அந்நேரத்தில் யார் சாப்பிடுவது? காலையில் எழுந்தபோது முன்பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்த அப்பா பின்பக்கம் பார்த்துப் போய்க்கொண்டிருந்தார்.

ஜன்னலுக்கும் திட்டம் வேண்டும். கால அட்டவணையை வைத்துக்கொண்டு, எது பகலில் வரும், எது இருட்டில் போகும் என்று குறித்திருந்தோம். கோதாவரி இரவில் கடந்தது. பாலத்தின் சத்தம் மட்டும் கேட்டது. ஒடிசாவில் விடியும்போது சிலிகா ஏரி தண்டவாளத்தை ஒட்டியே நெடுந்தூரம் வந்தது. பராக்காவில் கங்கையைக் கடந்தபோது மறுபடி இருட்டு. பிரம்மபுத்திராவைப் பகலில் பார்த்தே ஆக வேண்டும் என்பதற்காகக் கடைசி நாள் யாரும் பகல் தூக்கம் போடவில்லை. முந்தின நாள் கரக்பூரைத் தாண்டியதும் கடுகெண்ணெய் வாசத்தோடு ஜால்முரிக்காரர் ஏறினார். பொரியில் வெங்காயமும் பச்சைமிளகாயும் குலுக்கிக் காகிதக் கூம்பில் கொடுத்ததை அப்பா இரண்டு முறை வாங்கினார். பேன்ட்ரிச் சாப்பாட்டுக்கு அன்று ஆள் குறைந்தது.

எங்களுக்கு நேர் எதிரே பக்கவாட்டுக் கீழ் பர்த்தில் இரண்டு பேர். ஆர்.ஏ.சி. என்றால் ஒரு படுக்கைக்கு இரண்டு டிக்கெட். ஒருவர் விடுப்பில் போகும் ராணுவ வீரர். இன்னொருவன் பெரும்பாவூரிலிருந்து மரியானிக்குப் போகும் பையன். முன்பின் அறியாதவர்கள் காலை மடக்கிக்கொண்டு எதிரெதிரே உட்கார்ந்தபடி முதல் இரவைக் கழித்தார்கள். பையனுக்குத் தமிழ் தெரியாது. எங்களுக்கு அஸ்ஸாமி தெரியாது. ஆனால் அவனுக்கு மலையாளம் சரளமாக வந்தது. குமரிக்காரரான அப்பாவுக்குக் கேட்க வேண்டுமா? பிஹுவுக்கு அவன் அம்மா அரிசி மாவில் எள்ளும் வெல்லமும் வைத்துச் சுருட்டும் பிதா செய்வாளாம். அப்பா முந்திரிக்கொத்தை நீட்டி, உள்ளே என்ன இருக்கிறது என்பதை மலையாளத்தில் விளக்கினார். பையன் இரண்டு எடுத்துக்கொண்டு, பொதுப் பெட்டியில் நெரிசலில் வரும் கூட்டாளிக்கு இரண்டு கேட்டு வாங்கிப் போனான். கூட்டாளியின் டிக்கெட் வெயிட்டிங்கிலேயே நின்று தானாக ரத்தாகிவிட்டதாம்.

“எத்தனை நாள் முன்னால டிக்கெட் போட்டே?” என்று கேட்டேன். அப்பா மொழிபெயர்த்தார். முதலாளி லீவு என்று சொன்ன அன்றைக்கு, என்றான். லீவு உண்டா இல்லையா என்பது இரண்டு மாதம் முன்பே அவனுக்குத் தெரியாது. அவன் முதலாளிக்கே தெரியாது. நான் சாமர்த்தியம் என்று நினைத்த அத்தனையும், எட்டு மணிக்கு உட்கார்ந்ததும் ஒதுக்கீடு பார்த்ததும், அறுபது நாள் கழித்து எங்கே இருப்போம் என்று உறுதியாகத் தெரிந்தவர்களுக்கான சாமர்த்தியம். அந்த வண்டியை ஆண்டு முழுவதும் நிரப்புகிறவர்களுக்கு அந்த உறுதி கிடையாது.

மறுநாளிலிருந்து ஓர் ஏற்பாடு நடந்தது. காலை டிபன் முடிந்ததும் அப்பா எழுந்து பக்கவாட்டு ஜன்னலுக்குப் போய்விடுவார். பையன் 33ஆம் எண்ணில் கால் நீட்டித் தூங்குவான். ராணுவக்காரர் அப்பாவுக்கு ஒவ்வொரு ஆற்றின் பெயரும் சொல்லிக்கொண்டு வருவார். நடு பர்த்துக்காரம்மா என் பக்கம் வந்து உட்கார்ந்துகொண்டார். டி.டி.ஆர். வந்தபோது யார் எந்த எண் என்று அவருக்குச் சற்றுக் குழப்பம்தான், சிரித்துவிட்டுப் போனார்.

இந்த வண்டியில் போக நினைப்பவர்கள் நான் செய்த எல்லாவற்றையும் செய்யலாம்: கிளம்பும் ஊரிலிருந்து ஒரே டிக்கெட், நடுப்பெட்டிக் கீழ் பர்த், கெட்டுப்போகும் வரிசையில் சாப்பாடு. கூடுதலாக ஒன்று மட்டும் சொல்வேன். பலகாரத்தை உங்கள் வீட்டு ஆட்களின் கணக்கில் கட்டாதீர்கள். கூபேயில் எட்டு பர்த், ஆர்.ஏ.சி. இருந்தால் ஒன்பது பேர். பொதுப் பெட்டியில் ஒரு கூட்டாளி. பத்துப் பேருக்குக் கட்டுங்கள்.